"கடைக்கு வராதே என்று சொல்ல நீங்கள் யார்?" கோர்ட்டில் என்னிடம் கேட்ட கேள்வி

இரவுக்கடை (ஸ்காபரோ)

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் நாலு வருடமாக மாலை வேலை செய்கிறேன். முதலாளி பகலில் மட்டும்தான் நிற்பார். ஐந்து மணிக்கு அவர் போனபிறகு சாவி, காஷ், அலாரம் எல்லாம் என் கையில்தான்.

போன கார்த்திகையில் ஒரு ஆள் வந்து, மீன் வெட்டுகிற பெடியனோடு விலைக்குச் சண்டை பிடித்தார். கெட்ட வார்த்தை. பிறகு ஐஸ் போட்ட தட்டைக் காலால் தள்ளிவிட்டார். பாரை மீனும் ஐஸும் நிலம் முழுக்க. நான்தான் வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டு, "இனி இந்தக் கடைக்கு வரக்கூடாது" என்று சொன்னேன். அடுத்த வாரம் திரும்ப வந்தபோது ஒரு தாளில் அடித்துக் கையிலும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து நின்றார். போகச் சொன்னேன், போகவில்லை. பொலிஸ் வந்து அத்துமீறல் டிக்கட் எழுதியது. 65 டொலர். மனிதர் காசைக் கட்டாமல் வழக்குக் கேட்டுவிட்டார்.

வழக்கு ஸூமில் நடந்தது. பின்னறையில் அரிசி மூட்டைக்கு மேல் இருந்து, தேங்காய்ப்பால் பெட்டிகளுக்கு முன்னால்தான் சாட்சி சொன்னேன். அவருடைய பராலீகல் (வக்கீல் இல்லை, சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) கேட்டதை அப்படியே எழுதுகிறேன், இன்னும் மறக்கவில்லை.

"கடையின் உரிமையாளர் நீங்களா?" இல்லை.
"மேலாளரா?" இல்லை, நான் வெறும் வேலைசெய்கிற ஆள்.
"என் கட்சிக்காரரைத் தடைசெய்யும் அதிகாரத்தை யார் தந்தது?" முதலாளி.
"எழுத்தில் இருக்கிறதா?" இல்லை.
"முதலாளி இன்று சாட்சி சொல்ல வந்திருக்கிறாரா?" இல்லை, மொத்தச் சந்தைக்குப் போயிருக்கிறார்.

அவ்வளவுதான். இந்த இடத்தின் பொறுப்பு யாருடையது, தடை போட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் வழக்கைத் தள்ளிவிட்டார். ஐஸ் தட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் பிளாசா பார்க்கிங்கில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். நாலு வருடமாகக் கடையைப் பூட்டித் திறக்கிறவனுக்கு ஒருவரை வராதே என்று சொல்ல அதிகாரம் இல்லையா?


நடைபாதை (மொன்றியல்)

கடை என்பது ஊருக்கே திறந்துவைத்த கதவு. வீடு மாதிரி இல்லை. உள்ளே வா என்று விளக்கெல்லாம் போட்டு அழைத்துவிட்டு, பிறகு முகம் பிடிக்கவில்லை, போ என்றால் எப்படி? தள்ளுபடியானது சரி என்றுதான் நினைக்கிறேன்.


மார்க்கம்வீதி (ஸ்காபரோ)

பதின்மூன்று வருடமாக இதே டிக்கட் வழக்குகளில், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில், நிற்கிற பராலீகல் நான். இது உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல, பொதுவாகச் சொல்கிறேன்.

இரவுக்கடை, உங்களிடம் அதிகாரம் இருந்தது. அதை நீங்களே கூண்டில் ஏறிக் கையளித்துவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். "நான் வெறும் வேலைசெய்கிற ஆள்" என்று நீங்கள் பணிவாகச் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பராலீகல் காசு வாங்கியிருப்பார். நானாக இருந்தாலும் அதே இடத்தில்தான் கேள்வியை நிறுத்தியிருப்பேன்.

ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டம் 1980இல் வந்தது. அதில் "உரிமையாளர்" என்ற சொல்லில் எதுவும் தொங்கவில்லை. அது சொல்வது ஆக்குபையர், அதாவது இடத்தைத் தன் கையில் வைத்திருப்பவர். வரைவிலக்கணம் தாராளமானது. இடத்தில் நேரடியாக இருந்து அதை வைத்திருப்பவர் ஆக்குபையர். இடத்தின் நிலைமைக்கோ அங்கே நடக்கிற காரியங்களுக்கோ பொறுப்பும் கட்டுப்பாடும் உள்ளவரும் ஆக்குபையர். உள்ளே யாரை விடுவது என்ற கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரும் ஆக்குபையர். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்குபையர் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மேல், "போ" என்ற கட்டளையை ஆக்குபையரும் இடலாம், அவர் அதிகாரம் கொடுத்தவரும் இடலாம்.

இனி இரவு எட்டு மணிக்கு உங்கள் கடையை நினைத்துப்பாருங்கள். சாவி யாரிடம்? கதவைப் பூட்டுவது யார்? வெறியில் வருகிறவரை வெளியே விடுவது யாருடைய வேலை? அந்த நேரத்தில் கடைக்குள் உங்களுக்கு மேலே யாராவது இருக்கிறாரா? இந்த நாலு கேள்வியையும் வழக்குத் தொடுநர் உங்களிடம் கேட்டிருந்தால், உங்களுடைய சொந்த வாயாலேயே நீங்கள் ஆக்குபையர் என்று நிற்க நல்ல வாதம் இருந்தது. முதலாளி வராமலே. வழக்குத் தொடுநரைக் குறைசொல்லி என்ன பயன், கையில் ஒரு கட்டு வழக்கு, உங்களோடு பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. சாட்சி தான் முதலே சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்தது, எதை யார் நிரூபிப்பது என்பது. இதில் பலர் குழம்புகிறார்கள். "எனக்கு வர அனுமதி இருந்தது" என்று ஒருவர் சொன்னால் அதை நிரூபிப்பது அவர் பொறுப்பு. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் தடை இருந்தது, அதைப் போடக்கூடியவர் போட்டார், அது அவரிடம் போய்ச் சேர்ந்தது, வந்த ஆள் அவரேதான், இவையெல்லாம் வழக்குத் தொடுநரின் பொறுப்பு. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல். 65 டொலர் டிக்கட்டுக்கும் அதே அளவுகோல்தான். டிக்கட்டில் எழுதுகிற கட்டணம் அதுதான், சட்டத்திலுள்ள உச்ச அபராதம் 10,000 டொலர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


இரவுக்கடை

அண்ணை, வாசித்தவுடன் தலையில் கைவைத்தேன். முதலாளி இருக்கும்போது நான் மேலாளர் என்று சொன்னால் அகங்காரம் போல இருக்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

"முதலாளி சொன்னார்" என்று நான் சொன்னதும் எதிர்ப்பக்கம் "செவிவழிச் செய்தி" என்று தடுத்தது. அது சரிதானா?


மார்க்கம்வீதி

தடுப்பது அவர் தொழில், தடுத்தார். ஆனால் அது செவிவழிச் செய்தி இல்லை என்று வாதாட நல்ல இடமிருந்தது. "முதலாளி சொன்னார், அந்த ஆள்தான் ஐஸ் தட்டை உதைத்தவர் என்று" என்றால் அது செவிவழி. அவர் சொன்னது உண்மையா என்பதில் வழக்கு நிற்கிறது, ஆனால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. "முதலாளி என்னிடம், கலாட்டா செய்கிறவனை நீயே வெளியேற்று, திரும்ப வராதே என்று சொல்லு என்றார்" என்பது அப்படியல்ல. அது ஒரு கட்டளை. கட்டளையில் உண்மை பொய் கிடையாது. இடப்பட்டதா இல்லையா, அவ்வளவுதான். அதைக் காதால் கேட்ட நீங்கள் சத்தியம் செய்து சொல்லலாம்.

எடுபடாதது வேறொன்று. ஒருவர் கடையில் நின்றுகொண்டு "எனக்கு அதிகாரம் இருக்கிறது" என்று தானே சொல்லிக்கொண்டதை இன்னொருவர் வந்து கோர்ட்டில் சொன்னால், அதை வைத்து அதிகாரம் நிரூபணமாகாது. தன் அதிகாரத்துக்குத் தன் வாய்ப்பேச்சே சாட்சி என்று ஆகிவிடும். பொலிஸ்காரர் வந்து "மேலாளர் என்று சொன்ன ஒருவர் என்னிடம் சொன்னார்" என்று நிற்கிற வழக்குகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. நானே சிலதை விழுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் கொடுத்த தாளில் யாருடைய பெயர் இருந்தது?


இரவுக்கடை

கடையின் பெயர். போர்டில் இருக்கிறதே, அது. கீழே "நிர்வாகம்" என்று போட்டேன். கையெழுத்து இல்லை.


மார்க்கம்வீதி

போர்டில் இருப்பது வியாபாரப் பெயர். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வேறொரு கம்பனியின் பெயரில் இருக்கும், பல நேரம் வெறும் இலக்கக் கம்பனி, அதாவது பெயருக்குப் பதில் இலக்கத்தில் பதிந்த கம்பனி. "நிர்வாகம்" என்று ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. முதலாளியிடம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கம்பனிப் பதிவில் இயக்குநர் யார் என்று பாருங்கள். அந்த இயக்குநர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதம், இன்ன முகவரியில், இன்ன இலக்கக் கடையில், இன்னார் எங்கள் சார்பில் ஆட்களை வெளியேற்றவும் தடைசெய்யவும் அதிகாரம் பெற்றவர் என்று. அது உங்கள் பையில் இருந்தால் அந்தப் பராலீகலின் மூன்றாவது கேள்விக்கு மேல் வழக்கு போயிருக்காது. சட்டம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை, வாய்மொழியே போதும். எழுத்து உங்களுக்குத்தான் தேவை.


நோட்புக் (மிசிசாகா)

முன்னாள் செக்யூரிட்டி. ஒரு மோலில் ஆறு வருடம். மார்க்கம்வீதி அண்ணை சொன்னதெல்லாம் சரி. நான் தரையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியில் இந்தச் சட்டத்தைச் சொல்லித்தருவார்கள். ஆனால் எந்த இடத்துக்கு அதிகாரம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒருமுறை ஒரு உடுப்புக் கடைக்காரர் தன் கடையில் திருடினதாக ஒரு பெடியனைக் காட்டினார். நாங்கள் மோல் முழுக்க ஒரு வருடத் தடை எழுதிக்கொடுத்தோம். கடிதத்தில் கையெழுத்து அந்தக் கடைக்காரருடையது. பெடியன் இரண்டு மாதம் கழித்துச் சாப்பாட்டுப் பகுதிக்கு வந்தான், பிடித்தோம், டிக்கட் போட்டது. கோர்ட்டில் பூச்சியம். வாடகைக்கு இருக்கிறவர் தன் கடைக்குள் தடை போடலாம். நடைவழி, கழிப்பறை, சாப்பாட்டு மேசை, பார்க்கிங் எல்லாம் கட்டட முதலாளியின் கையில். எங்கள் கம்பனிக்கு அந்த அதிகாரம் கட்டட முதலாளியின் ஒப்பந்தத்தில் இருந்தது, ஆனால் அந்தக் கடிதத்தை நாங்கள் எங்கள் பெயரில் எழுதவே இல்லை! இத்தனைக்கும் ஒப்பந்தம் எங்கள் அலுவலக அலுமாரியில் கிடந்தது.

உங்கள் ஆள் பார்க்கிங்கில் நின்று சிரித்தார் என்றீர்களே, அதற்கு நீங்கள் ஒன்றும் செய்யமுடியாது. பிளாசாவில் பார்க்கிங் பெரும்பாலும் உங்களுடையதல்ல. சிரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சட்டம் ஆக்குபையருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் கைதுசெய்யும் உரிமைகூடத் தருகிறது, உடனே பொலிஸைக் கூப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். நியாயமான அளவு பலம் பயன்படுத்தலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. டொரொன்டோ பியர்சன் விமான நிலையத்தில் அனுமதியில்லாமல் பயணிகளை ஏற்றிய ஒரு டாக்சிக்காரரின் வழக்கு. ஆனாலும் தம்பி, கையை வைக்காதீர்கள். டொரொன்டோ சைனாடவுனில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் 2009இல் திருடினவனைக் கட்டிவைத்ததற்குத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறினார். விடுதலை 2010இல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு சட்டத்தையே மாற்றினார்கள், சரி, ஆனால் அந்த ஒரு வருடம் அவருக்குத் திரும்பி வந்ததா?


நடைபாதை

என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஊருக்குத் திறந்த இடத்தில் இந்த அதிகாரம் எப்படி வருகிறது?


மார்க்கம்வீதி

மன்னிக்கவும், தவறவிட்டேன். அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற கேள்வி. வின்னிபெக்கில் போலோ பார்க் மோல். அங்கே வாடகைக்கு இருந்த சூப்பர்மார்க்கெட்டில் வேலைநிறுத்தம். சோஃபி கார்ஸ்வெல் என்ற ஊழியர் தன் கடை வாசலில், மோலின் நடைபாதையில் பதாகையோடு நின்றார். மோல் மேலாளர் போகச் சொன்னார், போகவில்லை. நாலு நாளுக்கு நாலு குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் 10 டொலர். 1975இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று மோல் பக்கம் நின்றது. தலைமை நீதியரசர் லாஸ்கின் எதிர்த்து எழுதினார். அவர் எழுதினதில் உங்கள் வாசனை நிறைய உண்டு. பொதுமக்களை அழைத்த இடத்தில் காரணமில்லாமல் ஒருவரைத் துரத்த முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

அதற்கு முன்பே 1971இல் ஒன்ராறியோ வழக்கொன்றில், எல்லோரையும் உள்ளே விட்டுவிட்ட மோல் முதலாளிக்கு அந்தப் பொதுவழியின் மேல் அத்துமீறல் சட்டத்தைக் கூப்பிடும் அளவுக்குக் கட்டுப்பாடு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று அதே நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், அங்கேயும் கேள்வி "இடம் யார் கையில்" என்பதுதான்.


நடைபாதை

சரி, சட்டம் அப்படி. ஆனால் நான் ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1936இல் இதே மொன்றியலில், ஹொக்கி அரங்கத்தோடு இருந்த மதுக்கடையில் ஃப்ரெட் கிறிஸ்டி என்ற மனிதர் 50 சதத்தை மேசையில் வைத்து பியர் கேட்டார். கறுப்பர் என்று கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1939இல் கடைக்காரர் பக்கம்! வியாபாரி தனக்கு வேண்டியவரோடுதான் வியாபாரம் செய்வார் என்று. மனித உரிமைச் சட்டக் கோவை ஒன்ராறியோவில் 1962இல்தான் வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஐந்தாறு தமிழ்ப் பெடியள் ஒரு டோனட் கடையில் கூடி நின்றால் பத்து நிமிடத்தில் ஒருவர் வந்து போகச் சொல்வார். அவர் மேலாளரா, காவலாளியா, வெறும் வாடிக்கையாளரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை. ஆங்கிலமும் இல்லை. "நீ யார் சொல்ல" என்று அன்றைக்கு ஒரு பராலீகல் எங்களுக்காகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரவுக்கடை தம்பி, உங்களுக்கு நடந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துவிடாதீர்கள்.


இரவுக்கடை

ஓம் அண்ணை. அதை நான் இப்படி யோசிக்கவில்லை.


ஹூஸ்டன்மணி

டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்க் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே இந்தத் தலைவலி குறைவு. டெக்சாஸ் சட்டத்தில் "நோட்டீஸ்" என்பது உரிமையாளர் சொன்னதாக இருக்கலாம், அல்லது அவருக்காகச் செயல்படும் அதிகாரம் இருப்பதாக வெளிப்பார்வைக்குத் தோன்றுகிற யாராவது சொன்னதாக இருக்கலாம். தோற்றமே போதும். கல்லாவுக்குப் பின்னால் கடைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறவன் போ என்றால், அவனுக்கு அதிகாரம் இருப்பதாகத்தானே எவனும் நினைப்பான்? அங்கேயே முடிந்தது. "உரிமையாளர்" என்ற சொல்லுக்கும் எங்கள் சட்டத்தில் அகலமான பொருள். குற்றம் சாட்டப்பட்டவரைவிட அந்த இடத்தில் இருக்க அதிக உரிமை உள்ள எவரும் அதில் வருவார். ஆனால் இங்கே இது கிரிமினல் குற்றம். கிளாஸ் பி என்ற வகை. 180 நாள் சிறை வரை, 2,000 டாலர் வரை. உங்கள் ஊர் 65 டாலர் டிக்கெட்டோடு ஒப்பிடாதீர்கள்.

என் மச்சான் ஜார்ஜியாவில் மோட்டல் வைத்திருக்கிறான். அவன் சட்டம் நேர் எதிர். உரிமையாளரோ இடத்தை முறையாக வைத்திருப்பவரோ நேரில் சொன்னால் சரி. அவர்களின் பிரதிநிதி சொல்வதென்றால், தான் யார் என்று முறையாக அடையாளம் காட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுவே சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதனால் அவன் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் பெயர்ப் பட்டை குத்திவிட்டிருக்கிறான். முதலில் "நான் இன்னார், இந்த மோட்டலின் இரவு மேலாளர்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் "இனி வராதே". கேட்க நாடகம் மாதிரி இருக்கும்.

நடைபாதை சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். 1960இல் வாஷிங்டன் பக்கத்தில், மேரிலாந்தில் க்ளென் எக்கோ என்ற கேளிக்கைப் பூங்கா. கறுப்பின மாணவர்கள் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். காவலாளி போகச் சொல்லிக் கைதுசெய்தார். அவர் பூங்காவுக்காக வேலைசெய்தவர், ஆனால் மார்பில் ஷெரிஃப் பட்டை, அதாவது அரசுக் காவலரின் அடையாளம். கிரிஃபின் வழக்கில் 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்துமீறல் தண்டனையை ரத்து செய்தது. அரசின் அதிகாரத்தைக் காட்டித் துரத்தினால் அது அரசே துரத்தியதாகும், அரசு நிறம் பார்க்கக்கூடாது என்று. அங்கேயும் "நீ யாருடைய ஆளாக இதைச் சொல்கிறாய்" என்பதுதான் முடிச்சு.


அடையாறுகாரன்

குறுக்கே வருகிறேன். எங்கள் ஊரில் இப்படித் தடை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. அதற்கு முன் பழைய தண்டனைச் சட்டத்தின் 441. இரண்டிலும் வெறுமனே வந்து நிற்பது போதாது. குற்றம் செய்யும் நோக்கமோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்ட, அவமதிக்க, தொல்லை கொடுக்கும் நோக்கமோ இருக்க வேண்டும். அதனால் இங்கே சண்டை "நீ யார் சொல்ல" என்பதில் இல்லை, "அவன் எதற்கு வந்தான்" என்பதில். பால் வாங்கத்தான் வந்தேன் என்று நின்றுவிட்டால் எஸ்.ஐ. இரண்டு பேரையும் டீ குடிக்க அனுப்பிவிடுவார்.


இரவுக்கடை

டீ குடிக்க அனுப்பியிருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.


நோட்புக்

அடையாறு சொன்னது நல்ல வித்தியாசம். இங்கே அந்த ஆள் பால் வாங்கவே வந்தார் என்றாலும், முறையான தடை இருந்தால் கால் வைத்ததே குற்றம். வாசல் வரை வருவதற்கு எல்லோருக்கும் அனுமதி உண்டு என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது, அந்த ஊகத்தை உடைப்பதுதான் உங்கள் கடிதம். அதனால்தான் கடிதம் பலமாக இருக்க வேண்டும். காலக்கெடுவைச் சட்டம் சொல்லவில்லை; ஒரு வருடம் என்பது கம்பனிகளின் வழக்கம். கொடுத்த நாள், நேரம், யார் பக்கத்தில் நின்றது, அவர் வாங்கினாரா, கிழித்து எறிந்தாரா எல்லாவற்றையும் அந்த நேரமே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எனக்கு இந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.


இரவுக்கடை (பதினேழு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளியிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டேன். முதலில் "உனக்கு எதுக்கு" என்றார். விஷயத்தைச் சொன்னபிறகு பெட்டியைத் தேடி எடுத்தார். மார்க்கம்வீதி அண்ணை சொன்னது போலவே இலக்கக் கம்பனி. அதைவிடப் பெரிய அதிசயம், அந்தக் கம்பனியின் ஒரே இயக்குநர் முதலாளி இல்லை, அவருடைய மனைவி! இத்தனை வருடமாக அக்காவை நாங்கள் கறிவேப்பிலை கட்டுகிறவர் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, "இரவுப் பொறுப்பாளர்" என்று என் பதவியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சம்பளம் அதேதான்.

போன வெள்ளி அந்த ஆள் திரும்ப வந்தார். நான் நோட்புக் சொன்னபடி மீன்வெட்டுகிற பெடியனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, என் பெயர் இது, இரவில் இந்தக் கடைக்குப் பொறுப்பு நான் என்று சொல்லி, புதுத் தடைக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நீட்டினேன். ஜார்ஜியா மச்சானின் நாடகம் மாதிரியேதான் இருந்தது. அவர் வாங்கி, கவுண்டரில் வைத்து, ஆறுதலாக வாசித்தார். பிறகு "என்ரை பேரைப் பிழையா எழுதியிருக்கிறியள்" என்றார். பார்த்தால் உண்மைதான், ஓர் எழுத்து மாறியிருந்தது. என் பேனாவை வாங்கி, இரண்டு பிரதியிலும் தன் கையாலேயே திருத்தி, ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.


மார்க்கம்வீதி

திருத்தின பிரதி இப்போது எங்கே இருக்கிறது?


இரவுக்கடை

காஷ் பெட்டிக்கு அடியில்.


மார்க்கம்வீதி

அதை எடுத்து அக்காவிடம் கொடுத்து, ஒப்பந்தம் இருக்கிற பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே.